பிஸ்கட் கம்பெனிப் பதக்கம்

ரொசால்பா மென்டுனிக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை பேச ஆரம்பிக்கும். கோபத்தில் அவள் பிசைந்த களிமண் வெண்ணெய் மாதிரி இருக்கும் என்பது நாணயச்சாலையின் சிற்பக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். "யாராவது ரோசாவைக் கொஞ்சம் சீண்டி விடுங்கப்பா, எனக்கு நல்ல மண்ணு வேணும்" என்று கூடத்தின் தலைவர் டெஸ்மண்ட் ஃபாரி அடிக்கடி கேட்பார்.

அவள் பிறந்து வளர்ந்தது தெற்கு பிலடெல்ஃபியாவில், இத்தாலியர்கள் தெருவை அடைத்துக்கொண்டு சத்தமாகப் பேசும் பக்கத்தில். அப்பாவுக்கு வீடுகளின் உள்கூரையில் சுண்ணாம்புப் பூ வைக்கிற வேலை. மகள் பெரிய பெரிய சிலைகள் செய்யப் போகிறேன் என்று படித்துவிட்டு வந்து, யாரும் வாங்காத சிலைகளோடு சில வருஷம் குடித்தனம் நடத்தினாள். அப்புறம் நாணயச்சாலையில் சேர்ந்தாள். அதற்காக அவள் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. அவள் கைவேலையை நாடே பையில் போட்டுக்கொண்டு திரிகிறது. கீழே விழுந்தால் குனிந்து எடுக்கச் சோம்பல்படுகிறது என்பது வேறு விஷயம். பதக்கங்கள்தான் அவளுக்கு உயிர். சாப்பாட்டுத் தட்டு அளவில் களிமண்ணில் ஒரு வட்டம் செய்து, அதில் உள்ளங்கைக் கனம்கூட இல்லாத புடைப்பில் மலையையும் முகத்தையும் கொண்டுவந்து, பிறகு அதைச் சுருக்கி உலோகத்தில் அடிப்பார்கள். கொஞ்சம் தூக்கலானால் அச்சு உடையும், கொஞ்சம் தாழ்ந்தால் முகம் செத்துவிடும். அந்த நூலிழையில் நடக்கத் தெரிந்தவள் ரொசால்பா.

பத்தொன்பதாம் மாதிரிப் பிரிவுக்கான பதக்கம் அவள் மேஜைக்கு வந்தபோது டெஸ்மண்ட் கையைப் பிசைந்தார்.

"ரோசா, இதுல ஒரு சிக்கல் இருக்கு. இவங்க படம் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் கொளுத்திட்டாங்க."

"யாரு இவங்க?"

"ராணுவத்துல இருந்த பொம்பளைங்க, நாப்பது பேர் இருக்கும். இங்கதான், கென்சிங்டன்ல ஒரு பழைய காலுறை மில்லுல உக்காந்து, எதிரி நாட்டுக் கடற்கரையை எல்லாம் பிளாஸ்டர்ல செஞ்சிருக்காங்க. விமானத்துலேருந்து எடுத்த படத்தைப் பாத்து. படகுல போய் எறங்கப்போற சிப்பாய்ங்களுக்கு முன்கூட்டியே கரையைக் காட்ட."

ரொசால்பா தன் மேஜைமேல் இருந்த களிமண்ணைப் பார்த்தாள். மண்ணில் மலை செய்கிறவர்கள். அவள் செய்வதையே செய்தவர்கள். இவள் தவறினால் அச்சு உடையும், அவர்கள் தவறினால் ஆட்கள் செத்திருப்பார்கள். அன்றைக்கே அவளுக்கு அந்தப் பெண்கள்மேல் ஒரு பெரிய மரியாதை வந்து உட்கார்ந்துவிட்டது.

முதல் வரைபடம் சுலபமாக வந்தது. சீருடையில் இரண்டு பெண்கள், நிமிர்ந்த நெஞ்சு, மேஜைமேல் ஒரு கடற்கரை, ஒருத்தி கையில் குச்சி, மேலே நட்சத்திரம். பின்பக்கம் வழக்கம்போல் கழுகு. வாஷிங்டனிலிருந்த பதக்கக் குழு உச்சிமுகர்ந்தது. குடும்பங்களின் சார்பில் ஒப்புதல் தர வேண்டியவள் மார்லீன் என்ற பெண்மணி. உயிரோடு, நினைவு தப்பாமல் மிச்சமிருந்த ஒரே ஆளான ஜெனவீவ் வோயிட்கோவின் மகள். அவளும் "எங்கம்மா இப்படித்தான் நிமிந்து நிப்பாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தோடு விட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ரொசால்பாவுக்கு விட முடியவில்லை. அந்தப் படத்தில் எங்கோ பொய் இருக்கிறது என்று அவள் கை சொல்லிக்கொண்டே இருந்தது.

ஜெனவீவ் கிழவி இருந்தது போர்ட் ரிச்மண்டில், போலந்துக்காரர்கள் வாசற்படியைப் பல் தேய்ப்பதுபோல் தேய்த்துக் கழுவும் தெருவில். அங்கே கார் நிறுத்த இடம் பிடிக்க வாசலில் நாற்காலி போட்டுவைப்பார்கள். அடுத்தவர் நாற்காலியை நகர்த்துவதைவிட அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓடுவது சின்னக் குற்றம். மார்லீன் அம்மா வீட்டு வாசலில் ரொசால்பாவுக்காக ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவைத்திருந்தாள்.

தொண்ணூற்று மூன்று வயதுக் கிழவி சக்கர நாற்காலியில் இருந்தாள். கண் மட்டும் ஊசி.

"வாம்மா, உக்காரு. சாப்பிட்டியா? இவ பியரோகிக் கொழுக்கட்டை பண்ணியிருக்கா, ரெண்டு தின்னு."

"சாப்பிடறேன் அம்மா. யுத்த சமயத்துல நீங்க வேலை பாத்த எடத்தைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்."

"பிஸ்கட் கம்பெனி."

"அது இல்லேன்னு அரசாங்கமே சொல்லிடுச்சே. ரகசியம்ங்கற முத்திரையை எடுத்தாச்சு."

"அப்ப அரசாங்கத்தையே போய்க் கேளு. நான் செஞ்சது பிஸ்கட்."

அடுப்படியிலிருந்து மார்லீன் குரல் வந்தது. "நான் பொறந்ததுலேருந்து இந்த ஒரே பாட்டுதான். வேலையிலேருந்து வந்தா தலையெல்லாம் மாவா இருக்குமாம், அதனால பிஸ்கட் கம்பெனியாம். பிஸ்கட் கம்பெனில வேலை பாத்தவளுக்கு ஒரு பிஸ்கட் சுடத் தெரியாது! என் கல்யாணத்துக்குச் சுட்டது கல்லு மாதிரி இருந்துச்சு. இன்னும் ஒண்ணு வச்சிருக்கேன், வேணுன்னா மண்டையில போடலாம்."

"உன் புருஷன் தின்னானே" என்றாள் கிழவி.

"அவனுக்கு அப்ப பல்லு இருந்துச்சு."

சிரிப்பு அடங்கியதும் ரொசால்பா மெல்லக் கேட்டாள். "ஏன் அம்மா சொல்ல மாட்டேங்கறீங்க?"

"கடைசி நாள் எங்க பிரிவுத் தலைவர் கேப்டன் ரீஸ் எங்களை வரிசையா நிக்க வச்சார். 'நானே வந்து கலையலாம்னு சொல்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது'ன்னார். வர்றேன்னு போனார். வரட்டும்."

"அவர் அந்தக் குளிர்காலமே லாரி கவுந்து செத்துட்டதா ராணுவக் கோப்புல இருக்கே."

"அது அவர் பாடு. வார்த்தை குடுத்தது நான்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ரொசால்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது பெண்கள், சொல்லிவிட்டுப் போன ஆள் திரும்பி வரவில்லை என்பதற்காக, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, புருஷனைப் புதைத்து, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அரசாங்கம் ரகசிய முத்திரையை எடுத்துவிட்டதாக அனுப்பிய அறிவிப்பைக் கிழவி "யாரோ குமாஸ்தா அடிச்சது" என்று சொல்லி ஒதுக்கிவிட்டாளாம். உதட்டைக் கடித்துக்கொண்டு ரொசால்பா வீடு திரும்பினாள்.

அடுத்த முறை வந்தபோது களிமண் வட்டத்தையே தூக்கிக்கொண்டு வந்தாள். மார்லீன் கடைக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேஜையின் எண்ணெய்த்துணிமேல் வட்டத்தை வைத்துவிட்டு ரொசால்பா ஒன்றும் கேட்காமல் காபி குடித்தாள். கிழவி பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள். மறுபடி பார்த்தாள். ரொட்டித் தட்டை ஒருபக்கம் தள்ளினாள். பிறகு சக்கர நாற்காலியை மேஜையோடு ஒட்டிக் கொண்டுவந்து, குனிந்து, தாடையை எண்ணெய்த்துணிமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் களிமண் கரையைக் கிடைமட்டமாகப் பார்த்தாள். கைநீட்டி மேஜை விளக்கைத் தாழ்த்தினாள். சின்ன மேடுகளுக்கெல்லாம் நீளமாக நிழல் விழுந்தது.

"வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க பிஸ்கட்டை இப்படி நின்னுக்கிட்டுப் பாத்ததில்ல."

"பின்னே?"

"மேலேருந்து பாத்தா என்ன எழவு தெரியும்? படகுல வர்றவன் மேலேருந்தா வர்றான்? அவன் கண்ணு தண்ணியோட தண்ணியா இருக்கும். எந்த மேடு எதை மறைக்குது, எங்க ஒளியலாம், அதுதானே அவனுக்கு..."

சட்டென்று நிறுத்தினாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஊசிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. சத்தியமா."

ரொசால்பா கூடத்துக்கு வந்து முதல் வேலையாக அந்த நிமிர்ந்த நெஞ்சுப் பெண்களை நசுக்கி உருண்டையாக்கினாள். டெஸ்மண்ட் அலறினார். "அடிப்பாவி, குழு ஒத்துக்கிட்டதை உடைச்சிட்டியே!" அவள் மண்ணைப் பிசைந்தாள்.

புதிய வட்டத்தில் கீழே கரை, மேடு பள்ளம், ஒரு வயல்வேலி. நடுவில் கடல். கடலுக்கு அந்தப்பக்கம், அடிவானம் இருக்க வேண்டிய இடத்தில், மூன்று பெண்களின் முகங்கள், தாடை தண்ணீரில் பட, ஆளுக்கொரு கண்ணை மூடிக்கொண்டு. உடம்பு இல்லை. மேஜைக்குக் கீழே மண்டியிட்டிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் புரியும். அவள் வாழ்நாளில் செய்ததிலேயே நல்லது அதுதான். அவளுக்கே அது தெரிந்திருந்தது.

மார்லீன் அதைப் பார்த்ததும் கொதித்துப்போனாள்.

"எங்க பாட்டி ராத்திரி முழுக்க ஆபீஸ் தரையை மண்டி போட்டுத் தேய்ச்சா. எங்கம்மா இனிமே யார் முன்னாலயும் மண்டி போட மாட்டேன்னு வளந்தவ. நாடே பாக்கற பதக்கத்துல அவளை மண்டி போட வைக்கிறியா நீ? ஒத்துக்கவே மாட்டேன்."

"இவங்க இப்படித்தான் பாத்தாங்க, மார்லீன்."

"உனக்கெப்படித் தெரியும்?" மார்லீனின் குரல் மாறியது. "அம்மா உன்கிட்ட சொன்னாளா?"

"ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

"பொய். சொல்லியிருக்கா. நேத்து வந்த உன்கிட்ட சொல்லியிருக்கா. பெத்த பொண்ணு, நான் கேக்காத நாளில்ல. பிஸ்கட், பிஸ்கட், பிஸ்கட்!"

ரொசால்பா கிழவியிடம் சத்தியம் செய்திருக்கிறாள். என்ன சொன்னாலும் கிழவியைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும், சொல்லாவிட்டால் இவள் வயிறு எரியும். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாள்.

மார்லீன் குழுவுக்குத் தொலைபேசியில் முறையிட்டாள். குழு, பழைய படமே போதும், வந்து பேசுங்கள் என்றது. கிளம்புவதற்கு முன் இருந்த நாட்களில் ரொசால்பா பதக்கத்தின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கழுகு, இலைக்கொத்து, ஓரத்தில் எல்லாப் பதக்கத்திலும் வருகிற அந்த ஒரு வரி: அமெரிக்க நாடாளுமன்றச் சட்டப்படி. இருபது வருஷமாகப் பொறித்த வரி. எல்லோரையும்போல் அவளும் அதை ஓரத்து வேலைப்பாடாகத்தான் நினைத்திருந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை வாசித்தாள். வாசித்துவிட்டுக் கழுகைச் சுரண்டி எடுத்தாள்.

வாஷிங்டனில் குழுத் தலைவர் ஹோல்கம், ஓய்வுபெற்ற ஜெனரல், பெரிய மீசை, பெரிய வயிறு. சுற்றிலும் குழுவினர். ஒரு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மார்லீன். ரொசால்பா புதிய வட்டத்தின் பிளாஸ்டர் அச்சை நீள மேஜையின் நடுவில் வைத்தாள். பக்கத்தில் துணி மூடிய ஒரு பலகையும் இருந்தது. துணியை எடுத்தாள். விமானத்திலிருந்து எடுத்த பழைய படம் ஒன்றைப் பார்த்து அவள் செய்த ஒரு கரை, முழ நீளத்துக்கு.

"அம்மணி, இவங்க இப்படித்தான் பாத்தாங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் ஜெனரல்.

"ஆதாரம் ஒண்ணும் இல்லீங்க. மண்டி போட்டுப் பாருங்க."

அறையில் யாரோ இருமினார்கள். ஜெனரல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு, முட்டி இரண்டும் பட்டாசு மாதிரி வெடிக்க, கீழே இறங்கினார். மீசையைப் பலகையில் பதித்தார். ரொசால்பா கூரை விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கு ஒன்றைத் தாழப் பிடித்தாள்.

அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"வியட்நாம்ல ஒரு தடவை படகுல போய் எறங்கியிருக்கேன்" என்றார் கடைசியில், தரையிலிருந்தே. "இப்படித்தான் இருந்துச்சு. எவனும் எனக்கு முன்னாடி காட்டல. காட்டியிருந்தா..." கையை நீட்டினார். "என்னைத் தூக்கி விடுங்கய்யா யாராவது."

தூக்கி விட வந்தது மார்லீன். அவரை நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் அவளே மண்டியிட்டாள். தாடையை மேஜையில் வைத்தாள். ஒரு கண்ணை மூடினாள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

"வைல்ட்வுட் கடற்கரைக்குப் போவோம், சின்னப் பிள்ளையில" என்றாள், தனக்குத்தானே பேசுகிறவள்போல. "எல்லாரும் கரையில உக்காந்து கடலைப் பாப்பாங்க. எங்கம்மா மட்டும் கழுத்தளவு தண்ணில நின்னு கரையையே பாத்துட்டிருப்பா. ஒரு கண்ணை மூடிட்டு. அப்பா கிண்டல் பண்ணுவார். எனக்கு வெக்கமா இருக்கும், பைத்தியம்னு நெனப்பாங்களேன்னு..."

அழுதாள். ரொசால்பா பக்கத்தில் மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். முன்பக்கத்துக்கு அதற்குமேல் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

பின்பக்கத்துக்குத்தான் சண்டை. கழுகு இல்லாத பதக்கமா என்று ஒரு அம்மாள் துடித்தாள்.

"கழுகு பாவம், எத்தனை பதக்கத்துலதான் பறக்கும்? ஒருநாள் லீவு குடுங்க" என்றாள் ரொசால்பா. கழுகு இருந்த இடத்தில் இரண்டே வரி: கேப்டன் ரீஸின் பிரிவு கலையலாம். இனிப் பேசலாம்.

"பதக்கம்னா பாராட்டும்மா. உத்தரவு இல்ல" என்றார் ஜெனரல்.

"அவங்களுக்குப் பாராட்டு வேணாம் ஜெனரல். உத்தரவு வந்து சேரல, அதுதான் அவங்க குறை. ஓரத்துல இருக்கறதைப் படிங்க."

ஜெனரல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரத்து வரியைப் படித்தார். மீசைக்குள் சிரித்தார். கையைத் தூக்கி ஒப்புக்கொண்டார்.

கிழவியால் விழாவுக்கு வர முடியவில்லை. அதனால் முதல் பதக்கத்தோடு ஜெனரலே போர்ட் ரிச்மண்டுக்கு வந்தார். வந்தவர் அவசரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் நாற்காலியை நகர்த்திவிட்டுக் காரை நிறுத்த, அந்த ஆள் பனியனோடு ஓடிவந்து, "ஜெனரலா இருந்தா உங்க வீட்டுக்கு! என் நாற்காலியைத் தொட்டது யாரு?" என்று கத்த, மெடலெல்லாம் குத்திய சீருடையில் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காரை எடுத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த கிழவிக்கு அன்றைக்கு அதுவே பெரிய விழாவாகிவிட்டது.

பதக்கத்தை வாங்கியவள் முதலில் முன்பக்கத்தைப் பார்த்தாள். மூன்று முகங்கள்.

"லோயிஸ்" என்றாள், நடு முகத்தைத் தொட்டு. ரொசால்பாவுக்கு லோயிஸ் யாரென்று தெரியாது. கற்பனையில் செய்த முகம் அது. ஆனாலும் அவள் திருத்தப் போகவில்லை.

பிறகு திருப்பினாள். உதடு அசைய மெல்லப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். ஓரத்து வரியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே சுற்றினாள்.

"இது யார் போட்டது?"

"நாடாளுமன்றம், அம்மா" என்றாள் ரொசால்பா.

"குமாஸ்தா இல்லையே?"

"குமாஸ்தா இல்ல."

கிழவி ஜெனரலை நிமிர்ந்து பார்த்தாள். "கேப்டனுக்கு மேலதானே நாடாளுமன்றம்?"

"எனக்கே மேலதான், அம்மா" என்றார் அவர். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "கலையலாம்."

கிழவியின் தோள்கள் தளர்ந்தன. அத்தனை வருஷமாக அவள் விறைப்பாகவே உட்கார்ந்திருந்தாள் என்பதே அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"மார்லீன்."

"என்னம்மா?"

"அடுப்பை அணைச்சுட்டு வா. இங்க வந்து பக்கத்துல உக்காரு."

"காபி ஊத்தணுமே, வந்தவங்களுக்கு."

"அவங்க கெடக்கறாங்க. நீ உக்காரு. நாங்க பிஸ்கட் செய்யல."

ரொசால்பா ஜெனரலின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து கதவைச் சாத்தினாள். உலகத்தில் மார்லீனுக்கு அடுத்து அந்தக் கதையைக் கேட்க ஆசைப்பட்டவள் ரொசால்பாதான். மார்லீன் போட்டுவைத்த பச்சை நாற்காலியில் தெருவோரம் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பனியனோடு வாசலில் நின்று தன் நாற்காலிக்குக் காவல் இருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கிழவியின் குரல் தயங்கித் தயங்கித் தொடங்கி, பிறகு நிற்காமல் ஓடியது.

ஜெனரல் காதைத் தீட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓரடி வைத்தார். "என்ன சொல்றாங்க?"

"தள்ளி வாங்க ஜெனரல்" என்றாள் ரொசால்பா. "நமக்குச் சொல்லல."